திங்க்பேட் டி480-இல் ரேம் ஏற்றுதல்: 8-லிருந்து 16 ஜிபிக்கு

மெஷின் லெனோவோ திங்க்பேட் டி480. ஐ5-8350யூ பிராசசர், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒற்றை 8 ஜிபி ரேம் ஸ்டிக். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் ரீஃபர்பிஷ்டு கடைகளில் அடுக்கிக் கிடக்கும் மாடல்தான். இப்போது 16 ஜிபியில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் முதலில் வாங்கிப் போட்ட ஸ்டிக் தேறவில்லை. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருள்) 16 ஜிபி என்று எண்ணிக் காட்டியது, விண்டோஸ் வழக்கம்போல எழுந்தது, அன்றாட வேலையும் நடந்தது. சோதனையில் போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மூடியைத் திறந்து ஸ்டிக் மாட்டுவது அரை மணி நேர வேலை. மீதி நேரம் முழுக்க சரியான ஸ்டிக்கைப் பொறுக்குவதிலும், போட்டதைச் சோதிப்பதிலும் போய்விடுகிறது.

ரேம்தான் குறையா?

லேப்டாப் மந்தமாக இருக்கிறது என்றதும் ரேம் வாங்கக் கிளம்பக் கூடாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய், வழக்கமான வேலையை எல்லாம் திறந்து வைத்தபடி மெமரி பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் நிரல்கள் மொத்தமாகக் கேட்டு வைத்திருக்கும் அளவு. இந்த மெஷினில் குரோம், எக்செல், ஒரு வீடியோ கூட்டம் மூன்றும் ஓடும்போது அது 11 ஜிபியைத் தாண்டி நின்றது. இருப்பது 8. மிச்சத்தை விண்டோஸ் எஸ்எஸ்டியில் எழுதியும் படித்தும் சமாளித்துக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் ரேம் ஏற்றினால் பலன் கண்கூடாகத் தெரியும். கமிட்டட் 5 ஜிபி, ஆனாலும் மெஷின் இழுக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஹார்டுடிஸ்க் இன்னும் சுழலும் தட்டு வகையாக இருக்கலாம், விசிறி அடைத்துப் பிராசசர் சூட்டில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு ரேம் மருந்தில்லை.

அதே பக்கத்தின் கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்றும், 'ஃபார்ம் ஃபேக்டர்: எஸ்ஓடிம்' என்றும் இருந்தது. எஸ்ஓடிம் என்றால் கழற்றி மாட்டும் ஸ்டிக். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காட்டினால் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது. லினக்ஸ் என்றால் டிஎம்ஐடிகோட் கட்டளை இதே விவரத்தைச் சொல்லும். மாடல் பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் கதை மாறிவிடும். டி480-இல் இரண்டு ஸ்லாட்டும் காலி செய்து மாற்றக்கூடியவை. டி480எஸ்-இல் கொஞ்சம் போர்டில் ஒட்டியது, ஸ்லாட் ஒன்றுதான். அடுத்து வந்த டி490-உம் அதே கதை. எக்ஸ்280, எக்ஸ்1 கார்பன் இரண்டிலும் முழுக்கப் போர்டிலேயே. வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான். எல்பிடிடிஆர் (பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கும் ரேம் வகை) என்று ஸ்பெக்கில் பார்த்தால் அநேகமாகத் திருப்புளியைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம்.

எந்த ஸ்டிக்?

டி480-க்கு வேண்டியது டிடிஆர்4 எஸ்ஓடிம், 1.2 வோல்ட், 260 பின். டிடிஆர்3 எஸ்ஓடிம் 204 பின், டிடிஆர்5 262 பின். மூன்றிலும் கீழ் விளிம்பின் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் தவறான தலைமுறை ஸ்லாட்டுக்குள் இறங்காது. இறங்கவில்லையே என்று அழுத்துகிறவர்கள் ஸ்லாட்டை உடைத்துவிட்டுத்தான் வெட்டைக் கவனிக்கிறார்கள்.

ஸ்டிக்கர் வரியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வதை நம்பி நிற்க வேண்டியதில்லை. இந்த மெஷினில் இருந்த பழைய ஸ்டிக்கில் '8ஜிபி 1ஆர்x8 பிசி4-2400டி' என்று இருந்தது. 8ஜிபி கொள்ளளவு. பிசி4 என்றால் டிடிஆர்4. 2400 வேகம், அதன் பின்னால் வரும் 'டி' என்ற எழுத்து சிஎல்17 என்ற தாமத அளவைக் குறிக்கிறது. 2666வி என்றால் சிஎல்19, 3200ஏஏ என்றால் சிஎல்22. சில கம்பெனிகள் வேகத்துக்குப் பதில் பிசி4-19200 என்று போடும். அதை எட்டால் வகுத்தால் 2400. அதே கணக்கில் 21300 என்பது 2666, 25600 என்பது 3200.

1ஆர்x8 என்பதைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள். ஒரே ரேங்க் (சேர்ந்து இயங்கும் சிப் தொகுதி), எட்டு பிட் அகலமுள்ள சிப்கள் என்று பொருள். எண்ணிப் பார்த்தே சரிபார்க்கலாம்: 8 ஜிபி 1ஆர்x8 ஸ்டிக்கில் எட்டு சிப் இருக்கும். 2ஆர்x8 என்றால் இருபுறமும் எட்டெட்டாகப் பதினாறு. 1ஆர்x16 என்றால் நாலே நாலு. இந்த நாலு சிப் ஸ்டிக் விலை மலிவு, வேலையும் செய்யும். ஆனால் உள்ளே பேங்க் குழுக்கள் (சிப்புக்குள் இருக்கும் மெமரிப் பிரிவுகள்) பாதிதான் இருப்பதால் வேகத்தில் சற்றுப் பின்தங்கும். சிறிய விலை வித்தியாசத்தில் 1ஆர்x8 கிடைக்கும்போது அதை எடுக்கத் தேவையில்லை. ஒரு வரிசையில் ஒன்பது சிப் எண்ணினால் அது ஈசிசி (பிழை திருத்தும்) ஸ்டிக், சர்வர் வகைப் பெட்டிகளிலிருந்து கழற்றியது. டி480-க்கு ஆகாது.

2400 மெஷினுக்கு 2666-உம் 3200-உம் போடலாம். பிராசசரால் முடிந்த 2400-க்கு அவை இறங்கி ஓடும். கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த காசு வீண் என்று சொல்லத் தோன்றும், ஆனால் கடையில் புதிதாகக் கிடைப்பதே பெரும்பாலும் 3200 என்பதால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கேமிங் ரகம் என்று 1.35 வோல்ட் எக்ஸ்எம்பி (வழக்கத்துக்கு மேல் கூட்டிய) வேகத்தைப் பெரிதாக அச்சடித்த ஸ்டிக்குகளை மட்டும் தவிர்ப்பது நல்லது. அந்த வேகம் இதில் எப்படியும் வராது.

பழைய 8-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு 8 சேர்ப்பது என்று முடிவு. காரணம் இரட்டைச் சேனல், அதாவது இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை. 2400 வேகத்தில் ஒரு ஸ்டிக் தரும் உச்ச அலைவரிசை நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் 38.4. இந்த மெஷினின் யூஎச்டி 620 கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே வெளி மானிட்டர் மாட்டினால், வீடியோ எடிட் செய்தால் வித்தியாசம் தெரியும். வேர்டில் தட்டச்சு செய்வதற்குத் தெரியாது.

லெனோவோ ஆவணத்திலும் இன்டெல் பக்கத்திலும் உச்சம் 32 ஜிபி. 32-உம் 32-உமாக 64 போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

செலவு

இந்தக் கணக்கு 2024-இல் உள்ளது. செகண்ட் ஹேண்ட் 8 ஜிபி 2400 ஸ்டிக் 900 ரூபாய். அது தேறாமல் போய், அதே கடையில் மாற்றி எடுத்த புது 8 ஜிபி 3200 ஸ்டிக் 1,750. மேற்கொண்டு கொடுத்தது 850. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மில்லி 160. பிளாஸ்டிக் பிக் (மூடியை நெம்பும் மெல்லிய தகடு), சின்னத் திருப்புளி செட் ஏற்கெனவே இருந்தன. புதிதாக வாங்கினால் 250 பக்கம் ஆகும். 2025 நடுவிலிருந்து டிடிஆர்4 விலை தலைகீழாகிவிட்டது. உற்பத்தியாளர்கள் டிடிஆர்4-ஐக் குறைத்துக்கொண்டார்கள், ஏஐ சர்வர்களுக்கான தேவை மீதியை இழுத்துக்கொண்டது. பழைய விலையை மனதில் வைத்துக் கடைக்குப் போனால் அதிர்ச்சிதான். அதனாலேயே இப்போது பழைய ஸ்டிக் வாங்கும் பழக்கம் கூடியிருக்கிறது, கூடவே ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிய சரக்கும் கூடியிருக்கிறது. சிப்பின் எண்ணிக்கை ஸ்டிக்கருடன் ஒத்துப்போகிறதா, ஸ்டிக்கரின் கீழ் இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு வாங்கவும். சோதித்துப் பார்க்கக் குறைந்தது ஒரு வாரம் மாற்றித் தரும் உறுதியைப் பில்லிலேயே எழுதி வாங்கவும். இங்கே 900 ரூபாய் தப்பியது அந்த ஒரு வரியால்தான்.

மூடியைத் திறக்கும் முன்

டி480-க்கு இரண்டு பேட்டரி. பின்னால் தாழ்ப்பாள் தள்ளிக் கழற்றுவது ஒன்று; உள்ளே, முன்பக்கத்தில் 24 வாட்-அவர் அளவில் இன்னொன்று. பின் பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டு, கரன்ட் போய்விட்டது என்று நினைத்து ரேமைப் பிடுங்குவதுதான் இந்த மாடலில் நடக்கும் பெரிய விபத்து. ஷட்டவுன் செய்த பிறகும் உள் பேட்டரி போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் ஸ்டிக் சரிந்து பக்கத்துப் பின்னைத் தொட்டால் போவது 900 ரூபாய் ஸ்டிக் அல்ல, மதர்போர்டு.

அதற்கு லெனோவோ பயாஸிலேயே வழி வைத்திருக்கிறது. முதலில் விண்டோஸை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்து முழுதாக அணைக்க வேண்டும். சாதாரண ஷட்டவுன், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால், அரைத் தூக்கம்தான். விண்டோஸின் மையப் பகுதியான கர்னலைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, மறுமுறை அதைத்தான் திரும்ப ஏற்றும். ரேம் அளவு மாறிய பிறகு அந்தப் பழைய கோப்பை ஏற்றப் போனால் நீலத்திரை வர வாய்ப்புண்டு. பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஆன் செய்து, லெனோவோ எழுத்து வந்ததும் எஃப்1. கான்ஃபிக், அதில் பவர், அதில் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி'. 'யெஸ்' கொடுத்தவுடன் மெஷின் தானாக அணைந்துவிடும். அதன் பிறகு பவர் பட்டனை அழுத்தினாலும் விளக்கு வராது, வரக்கூடாது. அடுத்து சார்ஜர் மாட்டும்வரை உள் பேட்டரி துண்டித்தே இருக்கும். சூடு ஆற ஐந்து நிமிடம் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

கம்பெனியிலிருந்து வந்த மெஷினில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பயாஸுக்கு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டு, 'பாட்டம் கவர் டேம்பர் டிடெக்ஷன்' என்ற வசதியையும் முடுக்கி வைத்திருந்தால், அடி மூடியைத் திறந்து மூடிய பிறகு அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் மெஷின் எழாது. ஆகவே எஃப்1 அழுத்தி உள்ளே போக முடிகிறதா, செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு 'டிசேபிள்டு' என்று இருக்கிறதா என்று பார்த்த பின்பே திருப்புளியை எடுக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் மூடியைத் தொடாமல் விற்ற கடைக்கே கொண்டுபோய் எடுத்துத் தரச் சொல்வதுதான் வழி. பிட்லாக்கர் (டிஸ்க்கை மறையாக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் ரெக்கவரி எண்ணையும் முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும். ரேம் மாற்றத்துக்கு அது கேட்பதில்லை, ஆனால் 'செக்யூர் பூட்' (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் பயாஸ் வசதி) அமைப்பைத் தொட்டால் கேட்கும். சோதனைக் கட்டத்தில் தொட வேண்டியிருக்கலாம்.

மூடி

எஸ்டி கார்டு இருந்தால் வெளியே. பின் பேட்டரி வெளியே. மேசையில் துணி விரித்து, திரைப் பக்கம் கீழே. அடியில் ஆறு ஸ்க்ரூ, ஆறும் கேப்டிவ். அதாவது முழுதாகத் தளர்ந்தாலும் மூடியை விட்டு வராது, தலை கொஞ்சம் எழும்பிச் சும்மா சுற்றும். கழன்று வரவில்லையே என்று பிளையர் வைத்து இழுக்க வேண்டாம். பிலிப்ஸ் முனையில் பிஎச்1 அல்லது பிஎச்0, எது ஆடாமல் அமர்கிறதோ அது. மொபைல் செட்டில் வரும் பிஎச்00 முனை உள்ளேயே சுழன்று தலையை மழுக்கிவிடும்.

அடுத்தது கிளிப்புகள். பின் பேட்டரியை எடுத்த பள்ளத்தின் ஓரத்தில் மூடியின் விளிம்பு நன்றாகத் தெரியும். அங்கே பிக்கை நுழைத்து, ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால் 'டக் டக்' என்று ஒவ்வொன்றாக விடும். புது மெஷினில் அந்தச் சத்தம் ஏதோ உடைந்த மாதிரியே கேட்கும். உடைந்தால் சத்தம் மந்தமாக இருக்கும், பிக்கின் மேல் இருந்த எதிர்ப்பும் சட்டென்று காணாமல் போகும். போர்ட்கள் இருக்கும் பக்கம் விளிம்பு மெலிசு, அங்கே நெம்பக் கூடாது. கையால் மேலே தூக்கினாலே வந்துவிடும். இரும்புத் திருப்புளியால் நெம்பிய மெஷின்களை ரீஃபர்பிஷ்டு கடையில் விளிம்பின் பற்குறியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

திறந்ததும் ரேமைத் தொடாமல், போர்டின் உலோகப் பாகம் எதையாவது, ஹீட்பைப் போன்ற ஒன்றை, வெறும் விரலால் தொட்டுவிட வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் மெஷினோடு சமமாகிவிடும். சென்னை ஈரக்காற்றில் இது பெரிய ஆபத்தில்லை என்பார்கள். ஏசி அறையில், பாலியஸ்டர் சட்டையோடு, கார்ப்பெட் மேல் நின்று செய்தால் ஆபத்துதான். ரிஸ்ட் ஸ்ட்ராப் இருந்தால் அதன் கிளிப்பை உலோகத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டுவது

பழைய ஸ்டிக்கைக் கழற்ற இரு ஓரத்திலும் உள்ள கைகளை ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் தள்ளவும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். ஸ்டிக் தானாக மேலெழும்பிச் சாய்ந்து நிற்கும். அதே சாய்வில் இழுத்தால் வரும். கைகளை அதற்கு மேல் விரித்தால் நுனிக் கொக்கி உடையும். உடைந்த ஸ்லாட்டை மாற்றப் போர்டையே ஹாட் ஏர் மேசைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

தங்கப் பின்களைச் சுத்தம் செய்ய நம் சர்வீஸ் கடைகளில் ரப்பரை எடுத்துத் தேய்ப்பார்கள். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் லேசாக என்றால் பெரிய கேடில்லை, ஆனால் அதைத் திறந்த மெஷினுக்கு மேலேயே செய்து துகளை ஸ்லாட்டுக்குள் கொட்டுவதுதான் கேடு. பேனா மை அழிக்கும் சொரசொர ரப்பர் மெல்லிய தங்கப் பூச்சையே எடுத்துவிடும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் விடாத துணி, பின்களின் நீளவாக்கில் இரண்டு இழுப்பு, இரண்டு நிமிடம் காயல், போதும். கை கழுவும் சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுவென்று படிந்துவிடும்.

புது ஸ்டிக்கை ஓரங்களில் பிடித்து, வெட்டை ஸ்லாட்டின் முகட்டோடு பொருத்தி, முப்பது டிகிரி போலச் சாய்த்து உள்ளே தள்ள வேண்டும். இங்கே கொஞ்சம் பலம் வேண்டும். பயந்துகொண்டு பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே அழுத்தினாலும் பக்கக் கைகள் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்தை நம்பக் கூடாது. பார்க்க வேண்டியது தங்கக் கோடு. ஸ்டிக் முழுதாக உள்ளே போனால் பின்களின் மேல்நுனி ஒரு மயிரிழைக் கோடாகத்தான் தெரியும், இடமிருந்து வலம்வரை ஒரே தடிப்பில். ஒரு ஓரத்தில் கோடு தடித்தும் மறு ஓரத்தில் மறைந்தும் இருந்தால் ஸ்டிக் கோணலாக இருக்கிறது. மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெளிவாகத் தெரியும். இந்த மெஷினில் முதல் தடவை பயாஸ் 8 ஜிபி மட்டுமே காட்டியதற்குக் காரணம் அதுதான்: வெட்டுக்கு வலப்பக்கம் அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தங்கம் வெளியே இருந்தது. மறுபடி பேட்டரியைத் துண்டித்து, ஸ்டிக்கை எடுத்து, அழுத்திச் சொருகியதும் 16 வந்தது.

இரண்டு ஸ்லாட்டிலும் போடும்போது எது எங்கே என்பது பொருட்டில்லை. ஒற்றை ஸ்டிக்கோடு சோதிக்கும்போது மட்டும் போர்டில் 0 என்று குறித்த ஸ்லாட்டில் போடவும்.

முதல் ஆன்

சார்ஜரைச் செருகினால்தான் உள் பேட்டரி விழிக்கும். பவர் அழுத்தியதும் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அரை நிமிடம், சில சமயம் ஒரு நிமிடத்துக்கு மேல். மெஷின் தானாக ஒருமுறை அணைந்து எழுவதும் உண்டு. புது ஸ்டிக்கின் நேர அளவுகளை போர்டு கற்றுக்கொள்ளும் நேரம் இது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு 'ஸ்டிக் செட் ஆகவில்லை' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. இரண்டு நிமிடம் கை கட்டிக்கொண்டு இருக்கவும். அதற்கும் மேல் கறுப்பே என்றால் மறுபடி துண்டித்து, ஸ்டிக்கைச் சொருகிப் பார்த்து, அதற்கும் மசியாவிட்டால் அடியில் உள்ள எமர்ஜென்சி ரீசெட் ஓட்டையில், சார்ஜர் இல்லாத நிலையில், நீட்டிய பேப்பர் கிளிப்பால் ஒருமுறை அழுத்திவிட்டுத் தொடங்கலாம்.

சோதனை

பயாஸ் 16 ஜிபி என்று சொல்வது ஸ்டிக்கின் விவரங்களை வைத்திருக்கும் சின்ன எஸ்பிடி சிப்பைப் படித்துத்தான். ஒவ்வொரு செல்லையும் தட்டிப் பார்த்து அல்ல. தட்டிப் பார்க்க மெம்டெஸ்ட்86+ வேண்டும். இலவசம், 6-ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) மெஷின்களிலும் ஓடும். பென்டிரைவில் எழுதி, எஃப்12 அழுத்தி அதிலிருந்து தொடங்க வேண்டும். மறுத்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்கவும். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் அவசரத்துக்கு உதவும், ஆனால் அது தேறியதாகச் சொன்ன ஸ்டிக்குகள் மெம்டெஸ்டில் பிடிபட்டிருக்கின்றன.

மூடியை முழுதாக மூடி, ஸ்க்ரூ போட்டு, வழக்கமாக வைக்கும் மேசையில் வைத்துச் சோதிக்க வேண்டும். திறந்து வைத்துச் சோதித்தால் காற்றோட்டத்தில் ஸ்டிக் சூடேறாது. இங்கே நடந்ததும் அதுதான். முதல் அரை மணி நேரம் சுத்தம். மெஷின் சூடேறிய பிறகு சிவப்பு வரிகள் விழ ஆரம்பித்தன. எதிர்பார்த்த எண்ணுக்கும் படித்த எண்ணுக்கும் வித்தியாசம் ஒவ்வொரு வரியிலும் ஒரே பிட். எண்ணிக்கை சின்னதுதான், ஒரு சுற்றுக்கு ஆறேழு. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாமல் நாள்கணக்கில் ஓடும். அந்த செல்லில் ஒரு நாள் குரோம் டேப் உட்கார்ந்தால் டேப் மட்டும் விழும், எக்செல் கோப்பு உட்கார்ந்தால் ஒரு எண் மாறிச் சேமிக்கப்படும். அதனால் ரேமில் ஒரு பிழை என்றாலும் பிழைதான், 'பரவாயில்லை ரகம்' என்று ஒன்று கிடையாது.

எந்த ஸ்டிக் என்று முகவரியை வைத்துச் சொல்ல முடியாது. இரட்டைச் சேனலில் முகவரிகள் இரண்டு ஸ்டிக்கிலும் மாறி மாறிப் பரவியிருக்கும். ஆகவே ஒவ்வொன்றாக. பழைய ஸ்டிக் மட்டும் 0-ஆம் ஸ்லாட்டில்: இரவு முழுக்க ஓடியும் சுத்தம். செகண்ட் ஹேண்ட் ஸ்டிக் அதே ஸ்லாட்டில்: சூடேறியதும் அதே பிட்டில் பிழை. பின்களை ஆல்கஹாலில் துடைத்து மறுபடி: அதே பிட். தொடர்பு சரியில்லாமல் வரும் பிழை இப்படி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்காது, இடம் மாறி மாறிச் சிதறும், சொருகி எடுத்தால் எண்ணிக்கையும் மாறும். நிலையான ஒரே பிட், சூட்டில் மட்டும் என்றால் சிப்பில்தான் கோளாறு. திரையை மொபைலில் படம் எடுத்துக் காட்டியதும் கடையில் வாதம் எழவில்லை.

மாற்றி வந்த புது 3200 ஸ்டிக், முதலில் தனியாக, பிறகு பழையதோடு சேர்த்து இரண்டு ஸ்லாட்டிலும். சேர்த்து ஓட்டியதும் சுத்தம் என்பதால் ஸ்லாட்கள் இரண்டும் சந்தேகத்திலிருந்து விடுபட்டன. 16 ஜிபிக்கு ஒரு முழுச் சுற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கப் போவது நல்லது. செக்யூர் பூட்டை அணைத்திருந்தால் மறக்காமல் திரும்ப ஆன் செய்யவும்.

விண்டோஸில் பார்க்க வேண்டியவை

சிபியூ-இசட் (வன்பொருள் விவரம் காட்டும் நிரல்) மெமரி பக்கத்தில் சேனல் '2 x 64-பிட்' என்று இருக்க வேண்டும். டிராம் ஃப்ரீக்வென்சி 1200 அருகில் காட்டும். பாதியாகிவிட்டது என்று பதற வேண்டாம், டிடிஆர் என்றால் அதன் இரட்டிப்புதான் 2400. டாஸ்க் மேனேஜர் முழு 16 காட்டாமல் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அது கிராஃபிக்ஸுக்கும் ஃபர்ம்வேருக்கும் ஒதுக்கியது. குறைவு ஜிபிக் கணக்கில் இருந்தால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'மேக்ஸிமம் மெமரி' பெட்டியில் யாராவது டிக் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும். பழைய மெஷின்களில் 'வேகம் கூட்டும் டிப்ஸ்' பார்த்துச் செய்த வேலையாக அது இருக்கும்.

256 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹைபர்நேட் கோப்பு (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைய உதவுவது) ரேம் அளவில் சுமார் 40 சதவீதம். 8 ஜிபியில் 3 ஜிபி சொச்சம் இருந்தது 16-இல் 6 ஜிபிக்கு மேல் போகும். சி டிரைவில் திடீரென்று இடம் குறைந்தது அதனால்தான். லினக்ஸில் ஹைபர்நேட் பயன்படுத்துகிறவர்கள் ஸ்வாப் பகுதியையும் (ரேமில் இருப்பதை எழுதி வைக்கும் டிஸ்க் இடம்) பெரிதாக்காவிட்டால் மூடிய மெஷின் திரும்ப எழும்போது வெறும் புதுத் தொடக்கமாக இருக்கும்.

அடுத்த முறை என்றால்

8-க்கு ஜோடியாக 8 வாங்காமல், 16 ஜிபி ஸ்டிக் ஒன்றை வாங்கி 8-உம் 16-உமாக 24 ஆக்குவது மேல். ஜோடி சமமில்லாவிட்டாலும் இன்டெல் முதல் 16 ஜிபியை இரட்டைச் சேனலிலும் மிச்ச 8-ஐ ஒற்றைச் சேனலிலும் ஓட்டும். பின்னால் 32 வேண்டுமென்றால் பழைய 8 மட்டும் வெளியே போகும். இப்போது செய்த விதத்தில் 32-க்குப் போக இரண்டு ஸ்டிக்கையும் விற்றாக வேண்டும். செகண்ட் ஹேண்ட் ஸ்டிக் என்றால் மெம்டெஸ்ட் எழுதிய பென்டிரைவையும் கூடவே எடுத்துக்கொண்டு போவது. கடை மெஷினில் அரை மணி நேரம் ஓட்ட விடுவார்களா என்று கேட்டாலே, தன் சரக்கின்மேல் கடைக்காரருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது தெரிந்துவிடும். மூடியை எப்படியும் திறக்கிறோம் என்பதால் விசிறியின் தூசியை அப்போதே பிரஷ்ஷால் எடுத்துவிடலாம், விசிறி இறக்கையை ஒரு விரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு.